ஒரே சாவிக்கு இரண்டு கார்

அத்தியாயம் 6

கார் வைத்திருக்கிறவர்களைக் கண்டால் கதிர்காமநாதனுக்கு ஆகாது. கொழும்பில் ஒரு காப்புறுதிக் கொம்பனியில், நசுங்கிய கார்களைப் பார்ப்பதிலும் அவற்றின் சொந்தக்காரர் சொல்லும் புளுகுகளைக் கேட்பதிலும் பாதி ஆயுளைக் கழித்தவர். சும்மா நின்ற தன் காரில் தென்னைமரம் வந்து மோதியதாக எழுதிக் கொடுத்த டாக்குத்தரும், ஒரே ஆட்டுக்குட்டியை மூன்று விபத்துக்குக் காரணம் காட்டிய, கோட்டில் வழக்காடும் அப்புக்காத்தும் அவருக்குப் பழக்கமானவர்கள். ஐம்பத்தெட்டாம் ஆண்டு இனக்கலவரத்தோடு கொழும்புக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வவுனியாவுக்கு வந்து துப்பறியத் தொடங்கிய பிறகும் அந்த வெறுப்பு அவரை விடவில்லை. கொஞ்சம் கொழுத்திருந்தது என்றே சொல்லவேண்டும்.

அன்று காலை பொலிஸ் நிலையத்துப் படிகளில் இறங்கும்போது அது தொண்டைவரை வந்து நின்றது.

உள்ளே, கைதிகளை அடைக்கும் கம்பிக் கூட்டுக்குள் குந்தியிருந்தவன் தவராசா. அரிசி மில் முதலாளி அப்புத்துரையின் சாரதி. முதலாளியின் மகளுக்குக் கலியாணம். யாழ்ப்பாணத்தில் செய்வித்த நகை முழுவதையும் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் போட்டு, முதலாளியும் அவனும் மட்டும் காரில் கொண்டு வந்திருக்கிறார்கள். கிளிநொச்சி தாண்டும்வரை தகரம் முதலாளியின் மடியில் இருந்தது. முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் அந்த வீதியில் எந்த வாகனமும் போவதில்லை. இவர்களும் பொழுது படுகிற நேரம் அங்கே நின்றார்கள். தவராசா காருக்காகத் தேங்காய் உடைக்கப் போனான். முதலாளி கச்சான் கடலை வாங்கிக்கொண்டு வந்து, அவனிடம் சாவியை வாங்கி, தகரத்தைத் தன் கையாலேயே டிக்கிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுக் கால் கழுவப் போனார். பிறகு சாவி தவராசாவிடம் வந்துவிட்டது. கனகராயன்குளத்தில் முதலாளி தேநீர் குடிக்க இறங்கினார். தவராசா காரிலேயே இருந்தான். வவுனியாவில் வீட்டு வாசலில் டிக்கியைத் திறந்தால் தகரம் இல்லை. பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

ஆகவே கள்ளன் தவராசா என்று முதலாளி முறைப்பாடு கொடுத்துவிட்டார். நாளைக்குக் கோட்டில் வழக்கு. கோட்டில் ஒருமுறை கள்ளன் என்று பெயர் விழுந்துவிட்டால், அதன் பிறகு வன்னியில் ஒருத்தரும் அவன் கையில் ஸ்டியரிங்கைக் கொடுக்கமாட்டார்கள். அவனுக்கு வேறு தொழில் தெரியாது. வீட்டில் பெண்சாதிக்குப் பிள்ளைபெற மாதம் கிட்டிவிட்டது.

தவராசா அழவில்லை. கேட்டதற்கெல்லாம் நேராகப் பதில் சொன்னான். அவன் சொன்னதில் ஒன்றே ஒன்றுதான் கதிர்காமநாதனின் காதைப் பிடித்து இழுத்தது. முறிகண்டியில் அவர்களுடைய காருக்குப் பக்கத்தில், வாய்க்கால் வெட்டுவிக்கிற கொந்தராத்துக்காரர் கனகலிங்கத்தின் கார் நின்றதாம். முதலாளி அதைக் கண்டு காறித் துப்பிவிட்டுத்தான் இறங்கினாராம்.

படிக்குக் கீழே மஸாஹிர் தன் காரில் சாய்ந்தபடி காத்துக்கொண்டு நின்றான்.

மஸாஹிருக்கு பஜாரில் ஒரு உதிரிப்பாகக் கடை இருந்தது. கார் இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தினாலும் நிறுத்தியது, கடையில் விற்கச் சாமான் இல்லை. நேரம் மட்டும் ஏராளம். அந்த நேரத்தைத்தான் கதிர்காமநாதன் இரவல் வாங்கியிருந்தார். அவன் கார் ஐந்து கொம்பனிகளின் எலும்பில் செய்தது. கதவு ஒரு நாட்டுக்காரன், கண்ணாடி இன்னொரு நாட்டுக்காரன். அதற்கு என்ன பெயர் என்று யாராவது கேட்டால், அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்பான்.

தவராசா சொன்னதைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது. "ஹென்லியும் பார்ட்டனும் பக்கத்தில பக்கத்தில நிண்டதோ? பிள்ளையார் எப்பிடி ஐயா தாங்கினவர்?"

அந்தப் பகை வன்னி முழுக்கத் தெரிந்த பகை. அப்புத்துரையிடம் இருந்தது ஹென்லி. முகப்பில் ஒரு கிரீடம். கனகலிங்கத்திடம் இருந்தது பார்ட்டன். முகப்பில் ஒரு மான்தலை. இறக்குமதி நிற்பதற்கு முன் கடைசியாக வந்த கப்பலில் இரண்டும் வந்தன. அந்தக் கப்பலில் வந்ததெல்லாம் சாம்பல் நிறம். ஹென்லி வாங்க வக்கில்லாதவன் பார்ட்டன் வாங்குவான் என்று அப்புத்துரை சொல்லுவார். ஹென்லி அரிசி மூட்டை ஏற்றுகிற கார் என்று கனகலிங்கம் சொல்லுவார். வெள்ளிக்கிழமை தோறும் கிரீடத்துக்கு ஒரு சந்தனப் பொட்டு, மான்தலைக்கு ஒரு சந்தனப் பொட்டு. கோயில் திருவிழாவில் யாருடைய கார் முன்னால் நிற்பது என்பதில் இரண்டு வருடமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

உண்மை என்னவென்றால், இங்கிலாந்தில் அந்த இரண்டு கொம்பனிகளும் ஒன்றாகச் சேர்ந்து கனகாலம். ஒரே தொழிற்சாலையில் ஒரே உடம்பைச் செய்து, ஒரே எஞ்சினை வைத்து, இதற்குக் கிரீடத்தையும் அதற்கு மானையும் குத்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மஸாஹிருக்கு அது தெரியும், கதிர்காமநாதனுக்கும் தெரியும். அந்தக் கார்களில் ஏறித் திரிந்தவர்களுக்கு மட்டும் தெரியாது. சொன்னாலும் கேட்கமாட்டார்கள்.

"இரண்டுக்கும் தண்ணிப் பம்ப் ஒண்டுதான் ஐயா வரும்," என்றான் மஸாஹிர். "அப்புத்துரையர் கிரீடம் போட்ட பெட்டிதான் வேணும் எண்டு நிப்பார். ஒருநாள் அவற்ற கண்ணுக்கு முன்னாலயே மான் பெட்டியில இருந்து எடுத்துக் கிரீடப் பெட்டிக்குள்ள வைச்சுக் குடுத்தனான். சந்தோசமாக் கொண்டு போனவர்."

கதிர்காமநாதன் சிரிக்கவில்லை. அவருக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. அப்படிப்பட்ட ஒருவரின் வாய்ச்சொல்லில்தான் தவராசா கூட்டுக்குள் இருந்தான்.

கடைக்குத் திரும்பியபோது அங்கே அன்னபாக்கியம் குடையோடு காத்திருந்தார். அப்புத்துரையின் மனைவி. துப்பறிய அழைத்ததே அவர்தான், புருசனுக்குத் தெரியாமல். தவராசா எட்டு வருடமாகத் தங்கள் வீட்டுப் பிள்ளைபோலப் புழங்கியவன், நகை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அவன் எடுத்ததாக மட்டும் இருக்காது என்று முதல்நாளே சொல்லியிருந்தார். கேட்டிருந்தபடி வீட்டு அலுமாரியில் இருந்த மற்றச் சாவியைக் கொண்டு வந்திருந்தார். முதல் சாவி பொலிஸிடம் இருந்தது.

கதிர்காமநாதன் அவரைக் கதிரையில் இருத்திவிட்டு, நகை போனதிலிருந்து முதலாளி என்னென்ன செய்தார் என்று விசாரித்தார். சாப்பாடு இறங்கவில்லையாம். உறக்கம் இல்லையாம். ஒரு மூலையில் இருந்து முகட்டைப் பார்த்தபடியாம். நேற்று மட்டும் வெளியே போய்வந்தாராம்.

"எங்க போனவர்?"

"ஸ்கந்தபுரத்துக்கு. கனகலிங்கத்தாருக்குக் கலியாணம் சொல்ல."

மஸாஹிர் கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"கார் ஓட ஆளில்லையே," என்றார் கதிர்காமநாதன்.

"பஸ்ஸிலதான் போனவர். பஸ்ஸில ஏறி எத்தினை வருசம்."

"நீங்கள் கூடப் போகேல்லையோ?"

அன்னபாக்கியம் சற்றுத் தயங்கினார். "என்னைக் கூப்பிடேல்லை. வெத்திலைத் தட்டமும் கொண்டு போகேல்லை. நான் ஏன் எண்டு கேட்டனான், பேசாமல் போட்டார்."

கதிர்காமநாதன் சாவியை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டார். பொழுது படமுதல் வீட்டுக்கு வருவதாகவும், அதுவரை முதலாளியிடம் ஒன்றும் கதைக்க வேண்டாம் என்றும் சொல்லி அவரை அனுப்பிவைத்தார்.

ஸ்கந்தபுரம் போகும் வழியில், கார் தாண்டிக்குளம் கடக்கும்வரை மஸாஹிர் பொறுத்துப் பார்த்தான். பிறகு தன் கணக்கைச் சொன்னான். ஒரே உடம்பு என்றால் பூட்டும் ஒன்றாகத்தானே இருக்கும். கனகலிங்கம் தன் சாவியைப் போட்டு ஹென்லியின் டிக்கியைத் திறந்து தகரத்தைத் தூக்கிவிட்டார். அப்புத்துரைக்கு அதில் சந்தேகம் வந்து வேவு பார்க்கப் போயிருக்கிறார்.

"சந்தேகம் வந்தால் அப்புத்துரை என்ன செய்வார்?" என்று கேட்டார் கதிர்காமநாதன்.

"ஊரைக் கூட்டுவார்."

"கனகலிங்கம் கள்ளன் எண்டு சொல்ல ஒரு சாட்டுக் கிடைச்சால் மேளம் பிடிச்சல்லோ போயிருப்பார். இது ஒளிச்சுப் போயிருக்கிறார். கலியாணம் சொல்லுறதெண்டால் புருசனும் பெண்சாதியுமாப் போறதுதான் வழக்கம். வெத்திலை இல்லாமல் ஒருத்தரும் போறேல்லை. மனிசியைக் கூட்டிக்கொண்டு போனால் அவா கேள்வி கேப்பா. அவர் கலியாணம் சொல்லப் போகேல்லை, மஸாஹிர். தான் வைச்ச சாமான் வைச்ச இடத்தில இருக்கோ எண்டு பாக்கப் போனவர்."

மஸாஹிர் ஒரு மாட்டு வண்டியை விலத்திக் காரை எடுத்தான். "தன்ர காரைத் தெரியாதோ ஐயா அந்தாளுக்கு?"

"முன்பக்கம் தெரியும். கிரீடம் இருக்கிறது முன்பக்கம். பின்பக்கத்துக்குப் போறது சாமான் ஏத்துறவன், அது தவராசாவின்ர வேலை. ஒருநாளாவது தன்ர காரின்ர பின்பக்கத்தை அவர் பாத்திருப்பாரோ? அண்டைக்குத்தான் முதல்முதல் பின்னால வந்தவர், கச்சான் கடையில இருந்து. இரண்டு சாம்பல் முதுகு, இரண்டிலையும் நம்பர் தெரியாத அளவுக்குப் புழுதி. பக்கத்தில இருந்ததைத் திறந்தார், திறந்துது. திறந்தபடியால் தன்ரயெண்டு நினைச்சுப்போட்டார்."

சொல்லச் சொல்லவே கதிர்காமநாதனுக்கு அருவருப்பாக இருந்தது. பிழை விடுவது ஒன்று. பிழை விட்டது தெரிந்த பிறகும் இன்னொருவனைக் கூட்டுக்குள் விட்டுவைப்பது வேறு. கொழும்பில் கண்ட தென்னைமரத்து டாக்குத்தர் இந்த மனிதருக்குப் பக்கத்தில் கடவுள் பிள்ளை என்று நினைத்துக்கொண்டார்.

ஸ்கந்தபுரத்தில் கனகலிங்கத்தின் வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. குடியேற்றத்துக் காணிகளுக்கு நடுவே கல்வீடு அது ஒன்றுதான். பக்கத்தில் கார்க் கொட்டில். வாய்க்கால் வெட்டக் கொந்தராத்து எடுத்துத் தடித்த மனிதர், விறாந்தைக்கு வந்து வரவேற்றார். கதிர்காமநாதன் தான் பழைய காப்புறுதிக்காரன் என்று சொல்லி, பார்ட்டனைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருப்பதாகவும் ஒருமுறை பார்த்தால் நல்லது என்றும் கேட்டார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கத் தேவைப்படவில்லை. கனகலிங்கம் கொட்டிலுக்கு முன்னால் நடந்தார். பொனற்றின் வளைவைக் காட்டினார், தோல் ஆசனத்தைக் காட்டினார், மான்தலையைத் தன் சால்வையால் துடைத்தார். ஹென்லியில் இதெல்லாம் இல்லை என்று இரண்டுதரம் சொன்னார். பூட்டைப் பற்றி மஸாஹிர் கேட்டான்.

"இங்கிலாந்துப் பூட்டு, தம்பி. வேற சாவி கிட்டவும் போகாது."

மஸாஹிர் பின்னால் போய், அன்னபாக்கியத்தின் சாவியை டிக்கியில் போட்டுத் திருப்பினான். அது முனகாமல் திறந்தது. உள்ளே ஒரு சாக்கும் கார் தூக்கும் ஜக்கும் மட்டும் இருந்தன.

கனகலிங்கத்தின் கையிலிருந்த சால்வை மான்தலையில் அப்படியே நின்றது.

"இது ஹென்லிச் சாவி," என்றார் கதிர்காமநாதன். "தகரம் எங்க?"

தகரம் எதையும் தான் காணவில்லை என்று கனகலிங்கம் முதலில் சொன்னார். பிறகு பொலிஸ் வந்து அலுமாரியைத் திறந்தால் மரியாதையாக இருக்காது என்று கதிர்காமநாதன் எடுத்துச் சொன்னதும் உள்ளே போனார். பிஸ்கட் தகரத்தோடு திரும்பி வந்தார். கட்டியிருந்த சிவப்புத் துணிகூட அவிழ்க்கப்படாததுபோல் நேர்த்தியாக இருந்தது. முறிகண்டியால் வந்த இரவே கண்டாராம், விடியக் களவுக் கதை ஊருக்குள் வந்ததும் யாருடையது என்று விளங்கிவிட்டதாம்.

"நான் கள்ளன் இல்லை. ஒரு தோடு குறையாது, எண்ணிப் பாருங்கோ. அவர் வந்து கேட்டால் குடுத்திருப்பன்."

"அவர் நேற்று வந்தவர்தானே."

"வந்தவர். இந்த விறாந்தையில, இந்தக் கதிரையில இருந்து தேத்தண்ணி குடிச்சவர். மழை பிந்திப் போச்சு எண்டு கதைச்சவர். நெல்லு விலை கதைச்சவர். கொட்டிலைப் பாக்கிறதும் என்ர முகத்தைப் பாக்கிறதுமா இருந்தவர். கேக்கேல்லை."

"நீங்களாச் சொல்லியிருக்கலாமே."

"என்னெண்டு சொல்லுறது?" கனகலிங்கத்தின் குரல் முதல்முறையாக இறங்கியது. "அந்த அரிசி மூட்டைக் காரின்ர சாவிக்கு என்ர பார்ட்டன் திறக்கும் எண்டு என்ர வாயால சொல்லுறதோ? பேந்து நான் உந்தக் காரில ஏறி எங்க போறது?"

மனிதரின் அற்பத்தனத்துக்கு அடி கண்டுவிட்டதாகத்தான் கதிர்காமநாதன் இவ்வளவு நாளும் நினைத்திருந்தார். அடிக்குக் கீழேயும் ஒரு அறை இருந்தது. ஒருவர் நகையை அலுமாரியில் வைத்துக்கொண்டு, மற்றவர் அது அங்கேதான் இருக்கவேண்டும் என்று தெரிந்துகொண்டு, எதிர் எதிரே இருந்து மழையைப் பற்றிக் கதைத்திருக்கிறார்கள். கேட்டால் அவருடைய ஹென்லி பார்ட்டனாகிவிடும். கொடுத்தால் இவருடைய பார்ட்டன் ஹென்லியாகிவிடும்.

"அங்க ஒருத்தன் கூட்டுக்குள்ள இருக்கிறான், தெரியுமோ?"

"அது அப்புத்துரை குடுத்த முறைப்பாடு," என்றார் கனகலிங்கம். "நான் குடுக்கேல்லை."

கதிர்காமநாதன் தகரத்தை எடுத்துக்கொண்டு எழும்பினார். தேநீர் வந்தது, அவர் தொடவில்லை. மஸாஹிர் மட்டும் போகிற போக்கில் மான்தலையைத் தடவி, இதே மானைத் தன் கடையில் ஒரு கிரீடத்துக்கு மாற்றித் தரலாம், ஸ்குரூ இரண்டுதான் என்று சொல்லிவிட்டு வந்தான்.

அப்புத்துரையின் வீட்டுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மாலை நாலு மணி இருக்கும். முற்றத்தில் பந்தலுக்குக் கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். ஹென்லி மாமரத்துக்குக் கீழே, ஓட ஆளில்லாமல், கிரீடத்தில் காய்ந்த சந்தனத்தோடு நின்றது. அப்புத்துரை கூடத்தில் இருந்தார். தகரத்தைக் கண்டதும் கை நீட்டவில்லை. வாசல் கதவைப் போய்ச் சாத்தினார்.

"ஆர் ஆருக்குத் தெரியும்?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

கதிர்காமநாதன் ஸ்கந்தபுரத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். அப்புத்துரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அப்படியானால் கனகலிங்கம்தான் கள்ளன், பொலிஸுக்குச் சொல்லுவோம் என்றார். கனகலிங்கத்தின் டிக்கியைத் திறந்து தகரத்தை வைத்தது யார் என்று கோட்டில் கேட்பார்கள் என்று கதிர்காமநாதன் சொன்னதும் அந்தக் கதையைக் கைவிட்டார். நடந்தார். நின்றார். பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"இப்பிடிச் செய்வம். கனகராயன்குளத்துப் பத்தைக்குள்ள தகரம் கிடந்து எடுத்ததாச் சொல்லுங்கோ. நான் போய் முறைப்பாட்டைத் திருப்பி எடுக்கிறன். தவராசாவை மன்னிச்சுப்போட்டன் எண்டு சொல்லுறன். அவன் கோட்டுக்குப் போகத் தேவையில்லை. சனமும் நல்லாத்தான் கதைக்கும்."

"செய்யாத களவுக்கு மன்னிப்போ?"

"வெளியில வாறான்தானே. பிறகென்ன?"

கதிர்காமநாதன் வாய் திறக்க முதல், குசினிப் பக்கத்துக் கதவடியில் இருந்து அன்னபாக்கியம் கதைத்தார். எவ்வளவு நேரமாக அங்கே நின்றார் என்று யாரும் கவனிக்கவில்லை.

"தவராசாவைப் பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போகேக்க உங்களுக்குத் தெரியுமோ?"

அப்புத்துரை தலையைத் திருப்பவில்லை. "அப்ப தெரியாது. அண்டிரவு யோசிக்கேக்கதான் பிடிபட்டது."

"அடுத்த நாள் அவன்ர பெண்சாதி வந்து உந்த வாசல்ல நிண்டு அழுதவள். அப்ப தெரியும்."

அன்னபாக்கியம் தகரத்தை மேசையிலிருந்து எடுத்தார். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு, செருப்பைக் கொளுவிக்கொண்டு, பந்தல்காரர் பார்த்திருக்க முற்றத்தைக் கடந்தார். ஹென்லியைத் தாண்டி நடந்து, மஸாஹிரின் பெயரில்லாத காரின் கதவைத் தானே திறந்து ஏறினார். அப்புத்துரை வாசல்வரை வந்து, கலியாண வீடு, கொஞ்சம் பொறு என்று அடங்கிய குரலில் கூப்பிட்டார். மஸாஹிர் அவசரமே இல்லாமல் காரை எடுத்தான்.

பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் தகரத்தைத் திறந்து பார்த்துவிட்டுக் கதிரை கொடுத்தார். வேறு அலுவலாக வந்த ஏழெட்டுப் பேர் வாங்குப் பலகையில் இருந்தார்கள். கொன்ஸ்டபிள் ஒருவர் எழுதத் தாளெடுத்தார். மூலையில் கூட்டுக்குள் தவராசா எழும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நகை வேறு காருக்குள் எப்படிப் போனது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். கதிர்காமநாதன் அன்னபாக்கியத்தின் முகத்தைப் பார்த்தார். பொழுது பட்ட நேரம், கார் மாறிப்போச்சு என்று அவர் சொல்லிவிடலாம். அதுவே தவராசாவை வெளியே கொண்டுவரப் போதும். குடும்ப மானம் என்று ஒன்று இருக்கிறது, நாலு நாளில் சம்பந்தி வீட்டார் வரப்போகிறார்கள். அவர் அப்படித்தான் சொல்லுவார் என்று நினைத்து, அதற்கும் சேர்த்து ஒரு இளக்காரத்தைக் கதிர்காமநாதன் தயாராக வைத்திருந்தார்.

"நகை களவு போகேல்லை," என்றார் அன்னபாக்கியம். "என்ர மனுசனுக்குத் தன்ர கார் எது எண்டு தெரியாது. கனகலிங்கத்தாரின்ர காரில வைச்சுப் பூட்டிப்போட்டார். பேந்து தெரிஞ்சும், அதைச் சொல்ல வெக்கப்பட்டு இந்தப் பெடியனைக் கள்ளனாக்கினவர்."

எழுதிக்கொண்டிருந்த பேனை நின்றது. வாங்கில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார். இவ்வளவும் எழுதவேண்டுமா, தவறுதலாக மாறிவிட்டது என்று போட்டால் போதுமே என்று இன்ஸ்பெக்டர் அவருடைய நன்மைக்காகவே கேட்டார்.

"நான் சொன்னபடி எழுதுங்கோ. எழுதினதை உரத்து வாசிச்சுக் காட்டுங்கோ. பேந்து கையெழுத்து வைக்கிறன்."

கதிர்காமநாதனுக்கு அன்று முழுவதிலும் முதல்தடவையாக யாரையும் இளக்காரமாக நினைக்க முடியவில்லை. அவர் எழும்பி நின்றார். மஸாஹிரும் பகிடி ஒன்றும் விடாமல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றான்.

கொன்ஸ்டபிள் எழுதி முடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். என்னுடைய கணவருக்குத் தன்னுடைய கார் எது என்று தெரியாது என்ற இடத்தில் வாங்கில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சாரதி தவராசா எந்தக் குற்றமும் செய்யவில்லை என்ற இடம் வந்தபோது, இவ்வளவு நாளும் அழாமல் நின்றவன் கம்பியில் நெற்றியை வைத்துச் சத்தமாக அழத் தொடங்கினான். அன்னபாக்கியம் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கும் துணிவு அவருக்கு இருக்கவில்லை. கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டச் சொல்லிப் பேனையைக் கேட்டார்.